ஏழு நாள் முன்னறிவித்தல்

கல்முனையில் உள்ள அந்தச் சிறிய தேவாலயத்தில், விசுவாசம் ஆண்டுக்கு ஒருமுறை ஆவணி மாதத்தில்தான் வெளியே புறப்படும். ஒரு பஸ், ஐம்பது ஊதா ரீசேட் சட்டை, ஒரு பதாகை. மலைநாட்டுத் தோட்டமொன்றில் மூன்று நாள் மிசன் ஊழியம் செய்துவிட்டு, நானூறு படங்களோடும் லீக்ஸ் மரக்கறிக் கட்டுகளோடும் எல்லோரும் பத்திரமாகத் திரும்புவார்கள். மிச்சப் பதினொரு மாதமும் ரீசேட் அலுமாரிக்குள் கிடக்கும். விசுவாசமும் அங்கேதான் எங்கேயோ கிடக்கும்.

புதிதாக வந்த போதகர் இதைக் கண்டுபிடித்து, ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லியும் விட்டார்.

"மிசனுக்குப் போனா மட்டும் போதாது. ஒவ்வொரு நாளும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் நம்மட விசுவாசம் தெரியணும்."

சபையார் உருகிப்போனார்கள். அந்த உருக்கம் வீணாகிவிடக் கூடாது என்று சபைச் செயலாளர் தேவராசா எழுந்தார். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் இருந்து, பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவர். அடுத்த ஞாயிறே 'அன்றாட விசுவாச நடைமுறைப்படுத்தல் திட்டம்' பிறந்தது. நிரப்ப வேண்டிய பதின்மூன்று கூடுகள் கொண்ட படிவமும் கூடவே பிறந்தது. நன்மை செய்ய உத்தேசிப்பவர் ஏழு நாட்களுக்கு முன்னர் மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும். பயனாளி தன் கூற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தேறினால் 'நடைமுறை விசுவாசி' என்ற சான்றிதழ் வழங்கப்படும். சான்றிதழ் உள்ளவருக்கே இனிக் கலியாணங் காட்சிக்குச் சபை மண்டபம்.

அந்தக் கடைசி வரியைத்தான் சபையைச் சேர்ந்த றஞ்சிதமலர் திரும்பத் திரும்ப வாசித்தாள். அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் தினேஷாவுக்குக் கார்த்திகை இருபதாம் திகதி கலியாணம். அந்த மாரி மழைக்குள் வீட்டு வளவில் பந்தல் போட்டால் மாப்பிள்ளை தோணியில்தான் வரவேண்டும்.

ஆனாலும் அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. அவள் இடியப்பம் அவித்து விற்கிறவள். பக்கத்து வீட்டுச் சுபைறா ராத்தாவுக்குக் கண் ஒப்பரேசன் நடந்து, அடுப்புப் புகையில் நிற்கக் கூடாது என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து, காலையில் பத்து இடியப்பமும் சொதியும் வேலிக்கு மேலால் போய்க்கொண்டிருந்தன. அதையே எழுதிக்கொண்டு போனாள்.

தேவராசா கண்ணாடியை மாட்டி வாசித்தார்.

"இது எப்ப இருந்து?"

"ரெண்டு மாசமா குடுக்கிறன், சேர்."

"திட்டம் தொடங்கிப் பத்து நாள்தானே. அதுக்கு முந்தின நன்மை திட்டத்துக்குள்ள வராது. அது வெறும் பழக்கம்."

"அப்ப நான் என்ன செய்யிற?"

"நிப்பாட்டிப்போட்டுப் புதுசாத் தொடங்குங்க. இண்டைக்கு விண்ணப்பிச்சா அடுத்த வியாழன் அனுமதி."

"இடையில குடுக்கலாமா, சேர்?"

"அனுமதிக்கு முந்திக் குடுத்தா விண்ணப்பம் செல்லாது."

தேவராசா கெட்ட மனிதர் அல்லர். சொல்லும்போது அவர் குரலில் உண்மையான அனுதாபம் இருந்தது. அதற்கென்று கூடு இல்லாததால் அதை அவர் எங்கும் பதியவில்லை.

வேலியருகே நின்று விசயத்தைச் சொன்னபோது றஞ்சிதத்துக்கு அழுகை வந்துவிட்டது. சுபைறா கறுப்புக் கண்ணாடியை உயர்த்தி அவளைப் பார்த்தாள்.

"இதுக்கா அழுறாய், புள்ள? ஏழு நாள்தானே. நான் கடைப் பாணத் திண்டுட்டு இரிப்பன். தினேஷா எனக்கும் மகள்தானே."

"மறைச்சு ரெண்டு இடியப்பம் தாறனே, ராத்தா."

"மறைச்சும் வேணாம். உன்ட விண்ணப்பப் போம் பழுதாப் போயிரும். எங்க எழுதணும், காட்டு."

'பயனாளியின் கூற்று' என்ற பதினோராம் கூட்டில் சுபைறா கோணல் எழுத்தில் எழுதினாள்: 'பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கலியாணத்துக்காக ஏழு நாள் இடியப்பம் இல்லாமல் இருக்க எனக்குச் சம்மதம்.' கையொப்பம் வைத்துத் திகதியும் போட்டாள். தேவராசா அதை வாங்கி, 'கிடைக்கப்பெற்றது' என்று முத்திரை குத்தினார்.

சபையில் நாற்பது குடும்பங்கள் விண்ணப்பித்திருந்தன. ஆகவே அந்த ஏழு நாளும் நாற்பது குடும்பங்களும் நன்மை எதுவும் செய்துவிடாமல் மிகக் கவனமாக இருந்தன. திட்டக் குழு உறுப்பினர் கோகுலன் வாத்தியார், சந்தையடியில் வழுக்கி விழுந்த மீன்காரரைத் தூக்க ஓடி, பாதி வழியில் நினைவு வந்து திரும்பிவிட்டார். சுபைறா பாணும் பிளேன்ரீயுமாக நாளை ஓட்டினாள். வேலிக்கு இந்தப் பக்கம் றஞ்சிதம் ஒவ்வொரு காலையும் பத்து இடியப்பத்தை எண்ணி எடுத்து, திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

எட்டாம் நாள் தேவராசா, கோகுலனோடு சுபைறாவின் வீட்டுக்குக் கள ஆய்வுக்கு வந்தார். றஞ்சிதமும் வந்து வாசலில் நின்றாள்.

"ஏழு நாளும் இடியப்பம் வரல்லையா?"

"ஒண்டும் வரல்ல."

"கஷ்டமா இருந்ததா?"

"இல்லாமலா? பாணத் திண்டு ஒரே நெஞ்செரிச்சல்."

தேவராசா பேனையைக் கீழே வைத்தார்.

"ஒரு சிக்கல் கிடக்கு, றஞ்சிதம். கூற்றுப்படி இங்க நடந்த நன்மை இடியப்பம் இல்லாம இருந்ததுதான். அதில கஷ்டப்பட்டது பயனாளி. நீங்க ஏழு நாளும் பத்துப் பத்து இடியப்பம் மிச்சம் பிடிச்சிருக்கிறீங்க. உங்களுக்குச் சான்றிதழ் தர வழியில்ல."

மகளின் கலியாணம் மழையோடு அடித்துக்கொண்டு போவது றஞ்சிதத்தின் கண்ணுக்குத் தெரிந்தது.

"அப்ப கஷ்டப்பட்ட ஆளுக்குத் தருவீங்களா, சேர்?" என்று சுபைறா கேட்டாள்.

தேவராசா விண்ணப்பக் கோவையைப் புரட்டினார். சுபைறாவின் கூற்றில் ஏழு நாள் முன்னறிவித்தல் இருந்தது. எழுத்தில் இருந்தது. அவருடைய முத்திரையே அதன்மேல் இருந்தது. புதிதாகத் தொடங்கியது, பிறருக்காகச் செய்தது, சொன்னபடி முடித்தது. நாற்பது கோவைகளிலும் குறையில்லாமல் இருந்தது இது ஒன்றுதான்.

"சேர், அவங்க முஸ்லிம்," என்று கோகுலன் காதோடு சொன்னார்.

"படிவத்தில சமயத்துக்குக் கூடு இல்ல. சபைப் படிவம்தானே எண்டு நான் போடல்ல. இல்லாத கூட்ட நிரப்பச் சொல்ல எனக்கு அதிகாரமில்ல," என்றார் தேவராசா.

இவ்வாறாக, கார்த்திகை இருபதாம் திகதிக்கான சபை மண்டபம் 'நடைமுறை விசுவாசி' சுபைறாவின் பெயரில் ஒதுக்கப்பட்டது. சுபைறா அதைத் தினேஷாவுக்குக் கொடுத்தாள். வெளியே மழை ஊற்றியது. உள்ளே கறுப்புக் கண்ணாடியும் பட்டுச் சேலையுமாக வாசலில் நின்று, மண்டபக்காரி வந்தவர்களை வரவேற்றாள். றஞ்சிதத்துக்கு அன்றைய சந்தோசம் சொல்லி முடியாது.

கலியாணக் களைப்பு ஆறியதும் ஒரு காலை, வழக்கம்போலப் பத்து இடியப்பத்தோடு வேலியடிக்குப் போனாள். கூப்பிட்டும் சுபைறா வரவில்லை. சுற்றிக்கொண்டு வாசல் படலைக்குப் போனால், அங்கே றோட்டு வரைக்கும் வரிசை நின்றது. சுபைறாவைப் பயனாளியாகப் போட்டால் கோவை தவறாது என்ற செய்தி சபை முழுக்கப் பரவியிருந்தது. நாற்பது பேர் நின்றார்கள். ஆளுக்கு மூன்று பிரதிகள் இருந்தன. ஏழு நாள் இன்னும் தொடங்காததால் சாப்பாடு ஒருவர் கையிலும் இல்லை.

படலையில் மேசை போட்டு முத்திரையோடு இருந்தார் தேவராசா.

"வரிசையில வாங்க, றஞ்சிதம்."

"நான் சாப்பாடு கொண்டு வந்த, சேர்."

"அனுமதி எடுத்ததா?"

உள்ளேயிருந்து சுபைறாவின் குரல் கேட்டது. "புள்ள, வந்திட்டியா? பசிக்குது. கையெழுத்துப் போட்டே கை ஓஞ்சு போச்சு."

றஞ்சிதம் எல்லாரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போகத்தான் கால் எடுத்து வைத்தாள். அப்போது அவளுக்கு இன்னும் கலியாணம் ஆகாத இளைய மகளின் ஞாபகம் வந்தது.

"சேர், எனக்கும் ஒரு போம் தாங்க," என்றாள். பிறகு இடியப்பத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள்.