இடது கையைத் தூக்கச் சொன்ன டொக்டர்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் மரியாதையே என் பல்லுக்கு எமனாக வரப் பார்த்ததை மட்டும் மறக்கவில்லை.

வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப்பல். இறைச்சி மெல்ல எனக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அது குத்தத் தொடங்கியதும் மகள் பிடுங்கிவிடச் சொன்னாள். அதுவும் போனால் ஹஜ் பெருநாள் இறைச்சியை மணந்து பார்த்துவிட்டு வைக்க வேண்டியதுதான். இரண்டு நாள் சாப்பிடாமல் (தேத்தண்ணி குடித்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை) பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் கல்முனையில் பல்லின் வேருக்கு வைத்தியம் செய்யும் பெண் டொக்டரிடம் கூட்டிப்போனாள்.

டொக்டர் என் மகளைவிட இளமை. வாயை விறைக்க வைத்து, பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார். பக்கத்துத் திரையில் பார்த்தேன். ஒலுவில் ஊர்க் கரையில் கடல் எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு நிற்கும் ஒற்றைத் தென்னை மாதிரி என் பல். தலைக்கு மேலே பெரிய பூதக்கண்ணாடிக் கருவி. உதட்டில் ஒரு கொக்கி. அதன் வயர் ஒரு பெட்டிக்குப் போனது. ஊசி வேரின் நுனியை நெருங்க நெருங்க, பின்னுக்கு எடுக்கிற லொறி மாதிரி அந்தப் பெட்டி கத்தியது.

“உம்மா, உள்ளுக்கு நிக்கிறது மயிர் மாதிரி ஊசி. அசைஞ்சா முறிஞ்சிரும், பல்லையும் காப்பாத்த ஏலாமப் போயிரும். நொந்தா இடது கைய மட்டும் மெதுவாத் தூக்குங்க.”

தலையாட்டினேன். (அசையக் கூடாது என்றதற்கே ஆட்டினேன்.)

கொஞ்ச நேரத்தில் சுருக்கென்றது. இடது கை பாதி எழும்பிவிட்டது. அப்போதுதான் யோசனை வந்தது. வாசலுக்கு வந்தவருக்கு ஒரு கோப்பை தண்ணீர்கூட இடது கையால் நீட்டாதவள் நான். படித்த பிள்ளையின் முகத்துக்கு நேரே அதைத் தூக்குவதா? அதை இறக்கிவிட்டு, மரியாதையாக வலது கையைத் தூக்கினேன்.

டொக்டர் இருந்தது வலது பக்கம். என் கை அவருடைய முழங்கையில் போய் அடித்தது. பெட்டி கத்துவதை நிறுத்தியது. ஊசியின் நுனி வேருக்குள் முறிந்து கிடந்தது.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கும். பூதக்கண்ணாடியைக் கிட்ட இழுத்து, மின்சாரத்தில் நடுங்குகிற மெல்லிய முனை ஒன்றால் அந்தத் துண்டைச் சுற்றிச் சுற்றித் தளர்த்தினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். நான் இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டு, தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் மனதுக்குள் ஓதினேன். கடைசியில் எடுத்துக் காட்டினார். ஒரு ஈர் அளவுதான் இருந்தது.

ரப்பரைக் கழற்றிய பிறகு கேட்டார். “இடது கை எண்டுதானே உம்மா சொன்னன்?”

“அந்தக் கைய உங்களுக்கு நேரா எப்புடி, மகள், தூக்குற?”

விறைத்த வாயால் பாதிதான் வந்தது. அதற்கே அவர் முகமூடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார்.

இப்போது அவரிடம் போகிறவர்களின் கையில், நொந்தால் அமர்த்திக் கீச்சிடவைக்க ரப்பர் வாத்து ஒன்றைக் கொடுக்கிறாராம். வீட்டில் எதை முடிவு செய்தாலும் மகள் என்னைப் பார்த்து, “வேணாமெண்டா இடது கையத் தூக்குங்க உம்மா” என்பாள். நான் தூக்குவதில்லை. அதனால் இந்த வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் எனக்குச் சம்மதம்தான். பல்லும் இருக்கிறது, போன பெருநாளுக்கு விலா எலும்பையே கடித்தேன்.

பல்லுக்கு வேர் இரண்டா மூன்றா, எத்தனை தரம் போனேன் என்பதெல்லாம் நினைவில்லை; எழுதியதிலும் பிழை இருக்கலாம். இதைப் பிறத்தியாருக்குக் காட்ட முன் யாராவது டொக்டரிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். கையைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம்.