மருந்து விற்க வராதவன்

கானாவில், குமாசியிலிருந்து டமாலே போகும் பஸ்ஸில் அன்று காலை இருந்தவர்கள்: மடியில் பையுடன் கிழங்கு வியாபாரி செர்வா அம்மா, ஆறாத கால் புண்ணுடன் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் சார்ஜண்ட் அவூனி, கண்டக்டர் அலிடு, கடைசி சீட்டில் வாயைத் திறந்தபடி தூக்கத்தில், பஸ்ஸுக்குப் பஸ் ஏறி மருந்து விற்கும் டாக்டர் நின்சின், கூரை மேல் ஒரு ஆடு, மற்றும் இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள். இவர்களுக்கு நடுவே, வெள்ளைக் கோட்டும் காலி அட்டைப்பெட்டியுமாக, மருந்தியல் ஆராய்ச்சி மாணவன் பெப்ரா.

பேராசிரியை டான்சோ தெளிவாகச் சொல்லியிருந்தார். "ஜனங்க வீட்லயும் பையிலயும் வச்சிருக்கிற பழைய மாத்திரைதான் நம்ம ஆராய்ச்சி. மருந்தை எப்படிச் சாப்பிடணும்னு எடுத்துச் சொல்லு. வேண்டாததைப் பெட்டியில வாங்கிட்டு வா. பெட்டி காலியா வந்தா நீயும் வர வேணாம், வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அந்தப் பஸ்ஸின் கதவு ஓட்டத்தில் தானாகத் திறந்துகொள்ளும். அதனால் அலிடு உள்பக்கமாகச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். அவர் பூட்டியதும் பெப்ரா எழுந்து தொண்டையைச் செருமினான்.

"அன்பான பயணிகளே."

பஸ் முழுக்கத் தலை குனிந்து கண்ணை மூடியது. பெப்ரா காத்திருந்தான். யாரும் கண் திறக்கவில்லை.

"ம், ஆரம்பி" என்றார் செர்வா அம்மா, கண் மூடியபடி.

"எதை?"

"ஜெபத்தை. வேற எதை?"

"நான் ஜெபம் பண்ண வரலை அம்மா."

செர்வா அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஜெபம் பண்ணாம மருந்து விக்கிறவனா? உன் மருந்து எனக்கு வேணாம்பா."

கேட்க ஆள் வேண்டுமென்றால் ஜெபித்துத்தான் ஆக வேண்டும் போலிருந்தது. சிறுவயதில் சாப்பாட்டுக்கு முன் சொன்னதைச் சொன்னான். பஸ் ஆமென் சொல்லி நிமிர்ந்தது.

"இவ்வளவுதானா? ஜெபமே இந்த அளவுன்னா மருந்துக்கு என்ன சக்தி இருக்கப்போவுது" என்றார் சார்ஜண்ட்.

பெப்ரா காதில் வாங்கவில்லை. "பஸ்ல, சந்தையில விக்கிற மருந்தை வாங்காதீங்க. அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவன் மனம் குளிர்ந்தது. பஸ்ஸில் விற்கிற ஒவ்வொருவனும் முதலில் சொல்வது இதைத்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

"ரொம்பச் சரி. கண்டவன்கிட்ட வாங்கக் கூடாது" என்றார் செர்வா அம்மா. "உன்னுது எவ்வளவு?"

"அம்மா, நான் விக்கலை. வலி மாத்திரையை நினைச்சப்பல்லாம் போட்டா என்ன ஆகும் தெரியுமா? வயிறு எரியும். தலை சுத்தும். கால் வீங்கும்."

"எனக்கு வீங்குது" என்றது ஜன்னலோரக் குரல் ஒன்று.

"எனக்கும் எரியுது. முக்கியமா பீன்ஸ் தின்னா."

"தலை சுத்தறதைக் கரெக்டா சொல்லிட்டான்பா."

பின்னாலிருந்து ஐந்து சேடி நோட்டு ஒன்று கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. பெப்ரா அதைத் திருப்பி அனுப்பினான். அது பத்து சேடியாகத் திரும்பி வந்தது.

"எனக்குப் பணமே வேணாம்" என்று கத்தினான். "எல்லாம் இலவசம்."

சார்ஜண்ட் அவூனி மெல்லத் திரும்பினார். நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எல்லோரையும் குற்றவாளியாகப் பார்த்துப் பழகிய முகம்.

"இலவசமா குடுக்கிறவன் ஒண்ணு ஓட்டுக் கேக்கறவன். இல்லேன்னா நம்ம மேல எதையோ சோதிக்கிறவன். நீ இதுல எது?"

"நான் ஆராய்ச்சி..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பக்கத்திலிருந்தவர்கள் முழங்காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். "ரத்தம் எடுப்பான்" என்றார் ஒருவர்.

"ஐயோ, நான் எதையும் குடுக்க வரலை. உங்ககிட்ட இருக்கிற மாத்திரையை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்." காலிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினான்.

அதைக் காட்டியிருக்கக் கூடாது. செர்வா அம்மா பையைக் கட்டிப்பிடித்தார். "கேட்டீங்களா? திருடறதுக்கு முன்னாடி ஜெபம் வேற பண்ணியிருக்கான்."

"வண்டியை நிறுத்து. இவனை எறக்கி விடு" என்றார் சார்ஜண்ட்.

வெளியே புல்லும் புழுதியும் தவிர எதுவுமில்லை. அலிடு கழுத்துச் சாவியைக் கையில் எடுத்தார். பெப்ரா பெட்டியைப் பார்த்தான். அதன் அடியில் இருந்தது விலைச் சீட்டு மட்டும். ஆராய்ச்சி, பட்டம், எல்லாம் இந்தப் புழுதியில் இறங்கப்போகிறது.

"அலிடு, பூட்டைத் தொடாதே."

கடைசி சீட்டில் டாக்டர் நின்சின் விழித்துவிட்டிருந்தார். முதலில் தொப்பை எழுந்தது, பின்னால் அவர் எழுந்தார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த கோட்டு. மார்புப் பாக்கெட்டின் மேல் எதையோ பிரித்தெடுத்த தையல் தடம். நடந்து வரும்போதே ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். டிரைவருக்கு, டயருக்கு, செர்வா அம்மாவின் கிழங்குக்கு, கூரையிலிருக்கும் ஆட்டுக்கு என்று தனித்தனியாக வேண்டினார். நடுவில் ஒரு பாட்டு. ஆமென் வந்தபோது வண்டி இரண்டு ஊரைத் தாண்டியிருந்தது.

"இந்தப் பையன் என் ஆளு" என்றார். "செர்வா அம்மா, பையில சிவப்பு மஞ்சள் கேப்சூல் மாத்திரை வச்சிருக்கீங்க, இல்ல?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"யார்கிட்டதான் இல்ல? எதுக்குப் போடறீங்க?"

"இடுப்புக்கு."

"போன மாசம்?"

"காதுக்கு."

"யாருக்கு வாங்கினது?"

"செத்துப்போன எங்க வீட்டுக்காரருக்கு."

"அவரைக் காப்பாத்திச்சா?"

செர்வா அம்மா யோசித்தார். பஸ்ஸும் சேர்ந்து யோசித்தது. பிறகு பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். அது முன்னால் வரை பரவி, கடைசியில் செர்வா அம்மாவின் தோளும் குலுங்கியது. "அந்த மனுஷன் எதுக்குத்தான் அசைஞ்சார்" என்றபடி மாத்திரையைப் பெட்டியில் போட்டார்.

"சார்ஜண்ட் ஐயா, அதே மாத்திரையைப் பிரிச்சுப் புண்ணு மேல தூவறீங்களே. ஆறிச்சா?"

"ஆறலை. பார்க்க நல்லா மஞ்சளா இருக்கு."

"டமாலேல ஆஸ்பத்திரியில காட்டுங்க. நீங்க பிடிச்ச திருடன் யாரும் இப்ப அங்க வேலை செய்யலை, பயப்படாதீங்க."

சார்ஜண்டின் சட்டைப்பையும் காலியானது. அதன் பிறகு பெட்டி தானாகவே கைமாறிப் போய், நிறைந்து திரும்பி வந்தது. பெயரில்லாதவை, பெயர் அழிந்தவை, கைக்குட்டையில் முடிந்தவை. நின்சின் சோப்புக்கட்டியும் சின்னப் பொட்டலமும் விற்று முடித்து, வியர்வையைத் துடைத்தபடி பெப்ராவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொட்டலத்துல என்ன?" பெப்ரா சந்தேகத்தோடு கேட்டான்.

"உப்பும் சர்க்கரையும். வயித்துப்போக்குக்கு. எவ்வளவு தண்ணியில கலக்கணும்னு மேலயே போட்டிருக்கு."

பெப்ரா வாங்கிப் படித்தான். அளவு சரியாக இருந்தது. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. "நீங்க மட்டும் படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்பீங்க."

"அப்படியா சொல்றே" என்றார் நின்சின். வெகுநேரம் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தார். கிண்டாம்போவில் இறங்கும் முன் பெப்ராவின் பாக்கெட்டிலிருந்த பேனாவை உருவி அவன் கையில் கொடுத்தார். "இதை வெளியில தெரியற மாதிரி வைக்காதே. ஆராய்ச்சின்னு கண்டுபிடிச்சிடுவாங்க. ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டு. ஆட்டை விட்டுடாதே."

டமாலேயில் இறங்கியதும் பெப்ரா பேராசிரியைக்குப் போன் செய்தான்.

"நிறைஞ்சிடுச்சா?" அவர் குரலில் நம்பிக்கையில்லை. பெப்ரா படம் எடுத்து அனுப்பினான்.

"பரவாயில்லையே. பேசத் தெரிஞ்ச ஆளு எனக்குக் கிடைக்கிறதே அபூர்வம். கிடைச்சாலும் திரும்பி வர்றதில்லை. நாளைக்குத் திரும்பி வர்ற பஸ்லயும் பேசிடு. இன்னொரு பெட்டி. அதோட முடிஞ்சது."

மறுநாள் காலை பெப்ரா புதுப் பெட்டியோடு அதே பஸ்ஸில் ஏறினான். பேனா கால்சட்டைப் பையில் இருந்தது. ஜெபத்தை மனதில் ஓட்டிப் பார்த்தான். கூரையில் இன்று கோழிகள். புது ஆட்கள், புதுப் பைகள். அவன் கோட்டைப் பார்த்ததுமே முன் சீட்டுப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். பயமாக இல்லை. சொல்லப்போனால் எப்போது ஆரம்பிக்கலாம் என்று இருந்தது.

படியில் நின்ற அலிடுவிடம் கேட்டான். "டாக்டர் நின்சின் இன்னைக்கு வருவாரா அண்ணே?"

"கிண்டாம்போல ஏறுவார்."

"அவர் இந்தத் தொழிலை யார்கிட்ட கத்துக்கிட்டார்?"

அலிடு சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளைக் கோட்டு, காலிப் பெட்டி.

"உங்க டான்சோ மேடம்கிட்டதான். ‘ஆராய்ச்சிக்கு, இன்னும் ஒரே ஒரு பெட்டி, அதோட முடிஞ்சது’ன்னு சொல்லிட்டு ஏறினாரு. அப்போ அவருக்குத் தொப்பை இல்லை" என்றபடி அலிடு பெப்ராவுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.