என் வயிற்றுக் குடித்தனக்காரர்கள்

என் சகலையின் புது வீட்டு வாசலை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று நான் முடிவெடுத்தேன். சும்மா எடுக்கவில்லை. காரணம் இருந்தது.

நான் வீட்டு புரோக்கர். இந்த ஊரில் எந்தக் குளியலறையில் தண்ணீர் வடியாது, எந்த மாடிப்படி ஆளைத் தள்ளிவிடும், எந்த வீட்டுக்காரர் ஆணி அடித்தால் அழுவார், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு வீட்டுக்குள் நுழைந்து மூக்கை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், எந்தச் சுவர் எந்த மழைக்கு ஒழுகும் என்று சொல்லிவிடுவேன். இது பீற்றல் இல்லை. சரி, கொஞ்சம் பீற்றல்தான். ஆனால் உண்மை.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு சகலை. என் மனைவியின் அக்கா புருஷன், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஃப்ளாட் வாங்கிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல்! குடும்பத்திலேயே ஒரு புரோக்கரை வைத்துக்கொண்டு வெளியே போய் வீடு பிடித்தால் ஊர் என்ன பேசும்? சொந்தச் சகலையே நம்பாத ஆளை நாம் எப்படி நம்புவது என்று பேசாதா? என் தொழில் மானமே கப்பலேறிவிட்டது. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆனால், "வரமாட்டேன்" என்று மனைவியிடம் நேராகச் சொல்ல முடியுமா? நான் வீரன்தான். முட்டாள் இல்லை.

அந்த நேரம் பார்த்து எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட ஆரம்பித்த சில நாளிலேயே வயிற்றுக்குள் கடாமுடா சத்தம். நாற்காலியில் உட்காருவதற்குள் எழுந்து ஓட வேண்டியிருந்தது. நானும் மனைவியும் மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம்.

"பயப்படாதீங்க. குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு. இந்த மாத்திரை சர்க்கரையை மட்டும் பார்க்கறதில்ல, அதுங்களையும் கொஞ்சம் மாத்திவிடும். சில வகை குறையும், சில வகை கூடும். வயிறு கலங்கறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க."

"என் வயித்துலயா டாக்டர்? கோடிக்கணக்குலயா?"

"எல்லார் வயித்துலயும்தான்."

"அக்ரிமென்ட் எதுவும் போடாமலா இருக்குதுங்க?"

டாக்டரம்மா சிரித்தார். "அதுல நல்லது செய்யறதும் நிறைய இருக்கு. சாப்பாட்டோட சேர்த்து மாத்திரை போடுங்க. கொஞ்ச வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும்" என்றார்.

அதன் பிறகு இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே எழுதினார். நான் கவனிக்கவில்லை. என் மனம் எங்கோ பறந்துகொண்டிருந்தது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது! பழைய குடித்தனக்காரர்கள் காலி செய்கிறார்கள், புதியவர்கள் குடி வருகிறார்கள். அந்தச் சத்தம் வேறொன்றுமில்லை, பீரோவை மாடிப்படியில் இறக்குகிற சத்தம். வெளியே ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுப்பவன், உள்ளே கோடிப் பேருக்கு வீடாகவே இருக்கிறேன். பெருமையாக இருந்தது.

கூடவே இன்னொன்றும் விளங்கியது. சகலை வீட்டுக்குப் போகாமலிருக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? நான் சொன்னால் பொய். விஞ்ஞானம் சொன்னால்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"என்னங்க, அக்கா வீட்டுக்குக் கிளம்பலாமா?"

"எனக்கும் ஆசைதான். ஆனா உள்ள ஒரு கோஷ்டி இப்பதான் குடி வந்திருக்கு. சாமான் எல்லாம் வாசல்லயே கிடக்கு."

"பஸ்ல அரை மணி நேரம்தானே?"

"அரை மணியா? அரை நிமிஷத்துக்கே கேரண்டி இல்ல."

"அக்கா வீட்ல மூணு பாத்ரூம் இருக்குங்க. ஒண்ணை உங்களுக்குன்னே ஒதுக்கிடறாளாம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தொழில் அனுபவம் கைகொடுத்தது.

"புது இடம்னா பாக்டீரியா மிரளும்மா."

"பாக்டீரியாவுக்கு அக்கா வீடு புது இடம்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமில்ல? நான் சொல்லாம இருப்பேனா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "சரி, படுத்து ரெஸ்ட் எடுங்க. போனைக் குடுங்க. வயிறு சரியில்லாதவர் வீடு காட்ட ஓடக் கூடாது. யாராவது கூப்பிட்டா நான் பேசிக்கறேன். சாவிக்கொத்தையும் குடுங்க, இல்லன்னா நைசா கிளம்பிடுவீங்க."

கொடுத்துவிட்டேன். நோயாளி வேஷம் போட்டவன் நோயாளி மாதிரிதானே நடக்க வேண்டும்? அவள் போன பிறகு சோபாவில் காலை நீட்டினேன். வீடு நிசப்தம். பொய் சொல்வதும் ஒரு கலை. அதை ஆதாரத்தோடு சொல்வது பெரிய கலை. அதில் நான் மன்னன்.

டாக்டரம்மா சொன்னபடியே சீக்கிரமே வயிறு அடங்கிவிட்டது. நான் அடங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உள்ளே ஒரு புதுக் கலவரத்தை மூட்டினேன். ஒரு வாரம் குடித்தனக்காரர்களுக்குள் தண்ணீர்ச் சண்டை. அடுத்த வாரம் மேல் மாடிக்காரனுக்கும் கீழ் வீட்டுக்காரனுக்கும் கைகலப்பு. அவளும் ஒவ்வொரு வாரமும் பெருமூச்சு விட்டாள், போனையும் சாவியையும் வாங்கிக்கொண்டாள், கிளம்பிப் போனாள். சாயங்காலம் களைத்துத் திரும்பி வருவாள். அக்காவும் தங்கையும் பேசிப் பேசியே களைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு எப்படி இருந்தது?" என்று வந்ததும் கேட்பாள்.

"சமாதானப் பேச்சு நடக்குது. ஆனா ரெண்டு தரப்பும் பிடி குடுக்கல."

"பாவம்ங்க நீங்க."

பாவம்தான். எப்பேர்ப்பட்ட பாவம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறுபடி பரிசோதனைக்குப் போனோம். சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. டாக்டரம்மா பாராட்டினார். நான் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"வயிறு எப்படி இருக்கு?"

பக்கத்தில் மனைவி. என்ன செய்வது? "இன்னும் கலவரம்தான் டாக்டர்" என்றேன்.

டாக்டரம்மா புருவத்தை உயர்த்தினார். "ஆச்சரியமா இருக்கே! போன தடவையே மெதுவா கரையற மாத்திரைக்கு மாத்திட்டேனே. அது வயித்தை அவ்வளவா படுத்தாதே."

"எப்ப மாத்தினீங்க?"

"உங்க எதிர்லதான் எழுதினேன்."

"இவர் அப்ப மேல பார்த்துச் சிரிச்சிட்டிருந்தார் டாக்டர்" என்றாள் என் மனைவி. "நான்தான் கேட்டுக்கிட்டேன். அந்த மாத்திரையைத்தான் இத்தனை நாளா எடுத்துக் குடுக்கறேன்."

"அப்படியும் அடங்கலைன்னா வேற காரணம் இருக்கணும். ஒரு குழாயை விட்டு உள்ள பார்த்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

"குழாயா? வாய் வழியாவா?"

டாக்டரம்மா வழியைச் சொன்னார். எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை.

"டாக்டர், இப்ப யோசிச்சுப் பார்த்தா வயிறு நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

வெளியே வந்ததும் மனைவி நிதானமாகக் கேட்டாள். "இத்தனை வாரமா உள்ள சண்டை போட்டது யாரு?"

நான் செருப்பைத் தேடுவது போல் குனிந்தேன்.

"உங்களுக்கு இருந்தது வயித்துப்போக்கு இல்லங்க. வயித்தெரிச்சல். மாமா உங்களைக் கேக்காம வீடு வாங்கிட்டாரேன்னு. வர்ற ஞாயித்துக்கிழமை ஒழுங்கா கிளம்புங்க."

கிளம்பினேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இல்லை. ஒரு கறுவலோடு கிளம்பினேன். என்னை ஒதுக்கிவிட்டு எவனோ ஒரு அரைகுறை புரோக்கர் முடித்துக் கொடுத்த வீடுதானே? போன ஐந்து நிமிஷத்தில் பத்துக் குறை கண்டுபிடித்து, சகலை முகத்தில் கரியைப் பூசிவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

"வாங்க சகலை! இப்பவாவது வயிறு வழி விட்டுதே!" என்று வரவேற்றார் சகலை. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மூக்கை இழுத்தேன். ஈர வாடை இல்லை. குழாயைத் திறந்தேன், தண்ணீர் கையில் அடித்தது. சுவரைத் தட்டினேன், கெட்டிச் சத்தம். சமையலறை ஜன்னலைத் திறந்தேன். பக்கத்து வீட்டு முதுகு தெரியும் என்று பார்த்தால் வெளிச்சமும் காற்றும் கொட்டின. மூன்று பாத்ரூமிலும் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தேன். சொட்டு நிற்காமல் ஓடிப்போயிற்று.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு தொழில்காரன் பொய் சொல்ல முடியாது.

"சகலை, என் மேல கோபம் வேண்டாம், உங்க மேலதான் எனக்குக் கோபம் இருந்தது. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த வீட்டை முடிச்சுக் குடுத்த ஆள் லேசுப்பட்ட ஆள் இல்ல. நானே தோத்தேன். யாருன்னு சொல்லுங்க, கையைக் குலுக்கணும்."

சகலை தொண்டையைக் கனைத்தார். அக்கா காபி கொண்டு வருகிறேன் என்று உள்ளே நழுவினாள்.

"உங்க வீட்லதான்" என்றார் சகலை.

"எங்க வீட்ல யாரு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். என் மனைவி ஜன்னல் கம்பியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"அக்காதான் கேட்டா. தேடிப் பார்த்தேன், கிடைச்சுது."

"எங்கே கத்துக்கிட்ட?"

"வருஷக்கணக்கா சாப்பிடற நேரத்துலகூட போன்ல கத்திக் கத்திப் பேசினீங்களே. காதை மூடிக்கிட்டா சோறு போட்டேன்?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஓனரைப் பார்க்க நீங்களும் வந்திருப்பீங்க. 'இதெல்லாம் ஒரு வீடா'ன்னு ஆரம்பிச்சிருப்பீங்க. அவர் கதவைச் சாத்தியிருப்பார்."

உண்மைதான். நான் அப்படித்தான் ஆரம்பிப்பேன்.

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. அந்தச் சுவரை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தேன். என்ன தேர்வு! எவ்வளவு நுணுக்கம்! மாரை நிமிர்த்திக்கொண்டு சகலையிடம் சொன்னேன்: "பார்த்தீங்களா? எங்க வீட்டுச் சமையலறையில வளர்ந்த தொழில் இது, சகலை. ஊர்ல எந்தக் கொம்பனாலயும் இப்படி ஒரு வீட்டைப் பிடிக்க முடியாது." சத்தியமாகச் சொல்கிறேன், நான் முடித்துக் கொடுத்த எந்த வீட்டுக்கும் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

அப்போது வாசலில் மணி அடித்தது. சகலை கதவைத் திறந்தார். எதிர் ஃப்ளாட்டுக்காரம்மா நின்றிருந்தார்.

"புரோக்கர் வந்திருக்காங்களாமே?"

நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனேன். "நான்தான். சொல்லுங்க."

அந்தம்மா என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து என் மனைவியின் கையைப் பிடித்தார். "அம்மா, எங்களுக்கு முடிச்சுக் குடுத்த மாதிரியே என் தங்கச்சிக்கும் ஒண்ணு காட்டறேன்னீங்களே, போன ஞாயித்துக்கிழமை. அவ கீழ காத்திட்டிருக்கா."

போன ஞாயிற்றுக்கிழமை நான் சோபாவில் படுத்து மேல் மாடிக்காரனுக்கும் கீழ் வீட்டுக்காரனுக்கும் சமாதானம் பேசிக்கொண்டிருந்தேன். என் போனோடும் சாவிக்கொத்தோடும் இவள் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் எங்கே போனாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதோ வர்றேன்" என்று என் மனைவி கைப்பையை எடுத்தாள். நானும் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

எதிர் ஃப்ளாட்டுக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவர் யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள் என் மனைவி. "தொழில் கத்துக்கணும்னு ஆசைப்படறார். கொஞ்ச நாள் கூட வரட்டுமே."