பெட்டிக்கு முந்திய லைசென்ஸ்

சட்டத்துக்குப் பயந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டத்தைக் காதலித்தவர் என்று இந்த ஆஸ்திரேலியக் கண்டத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் லைசென்ஸ்காரர்.

எழுபதுகளின் ஆரம்பம். சிட்னியில், லிட்கம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டு மாடியில் எதிரெதிர் அறைகளில் வாடகைக்கு இருந்தோம். நான் திருச்சியிலிருந்து வந்த டிராஃப்ட்ஸ்மேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பிஸ்கட் ஃபாக்டரியில் ஸ்டோர் கிளார்க், நாற்பத்தைந்து வயது பிரம்மச்சாரி. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அவருடைய லைசென்ஸ்களில் மட்டும்தான் பார்க்க முடியும்.

எதற்கும் முதலில் லைசென்ஸ், பிறகுதான் பொருள். இது அவருடைய கொள்கை. ஊரில் சைக்கிள் வாங்குவதற்கு எட்டு மாதம் முன்பே சைக்கிள் லைசென்ஸ் எடுத்தவர். அவருடைய மேஜை டிராயரில் கல்யாணப் பதிவுப் படிவம் ஒன்று அழகான கையெழுத்தில் நிரப்பித் தயாராக இருந்தது. மணமகள் பெயர் மட்டும் காலி.

அந்தக் காலத்தில் இங்கே வீட்டில் டி.வி. வைத்திருந்தால் வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஸ்பெக்டர் வந்து கதவைத் தட்டுவார், கேஸ் போடுவார், கோர்ட்டில் அபராதம். நம்மவர் மூன்று வருஷமாகத் தவறாமல் லைசென்ஸ் எடுத்து, கண்ணாடி ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அதன் கீழே ஒரு மேஜை, மேஜை மேல் பூப்போட்ட துணி, எதிரே இரண்டு நாற்காலிகள். டி.வி.தான் இல்லை.

"கலர் வரப்போகுது ஐசே. இப்ப போய் ஆரும் கறுப்பு வெள்ளை வாங்குவினமோ?" என்பார். அவருக்கு நான் எப்போதும் 'ஐசே'தான்.

என்னிடம் செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஒரு டி.வி. இருந்தது. லைசென்ஸ் இல்லை. ஆக, அவரிடம் இல்லாதது என்னிடமும், என்னிடம் இல்லாதது அவரிடமும் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஐந்து நிமிஷத்தில் தீர்த்திருப்பார்கள்.

"இது அநியாயம் அண்ணே. விளம்பரச் சானல் எல்லாம் சும்மாவே வருது. எதுக்காகப் பணம் கட்டணும்?" என்று கேட்டேன்.

"கிரிக்கெட் எந்தச் சனலில பாக்கிறீர்?"

"அது... கவர்ன்மென்ட் சானல்ல."

"பாத்தீரோ! மற்றவன் படம் ஓடேக்க நடுவில வந்து குளிக்கிற சவர்க்காரம் விக்கிறான். இவன் செய்தி வாசிச்சுப்போட்டு மரியாதையா எழும்பிப் போறான். அந்த மரியாதைக்குக் காசு குடுக்கக் கூடாதோ?"

"நீங்கதான் பாக்கிறதே இல்லியே!"

"நான் பாக்காட்டிலும் அவன் வாசிக்கிறான்தானே?"



என் டி.வி.யை அவர் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கிரிக்கெட் நடந்தால் மட்டும் தன்னுடைய நாற்காலியைத் தூக்கிவந்து என் வாசலில் போட்டு, டி.வி.க்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்துகொள்வார். பார்ப்பதுதான் குற்றமாம், கேட்பது ரேடியோக் கணக்காம். உள்ளே கூட்டம் ஆர்ப்பரிக்கும். இவர் கழுத்து நரம்பு புடைக்க, திரும்பாமல், "என்ன ஐசே, அவுட்டோ? ஆர் பிடிச்சது?" என்று எதிர்ச் சுவரைக் கேட்பார்.

அவருடைய ஒரே ஏக்கம், இன்ஸ்பெக்டர் வர வேண்டும் என்பது. மூன்று வருஷமாக ஒருத்தரும் வரவில்லை. கீழே கதவு தட்டினால் போதும், டை கட்டிக்கொண்டு ஃப்ரேமோடு இறங்கி ஓடுவார். ஒரு தடவை என்சைக்ளோபீடியா விற்க வந்த ஆள் வாயைத் திறக்கும் முன்பே லைசென்ஸை அவர் முகத்துக்கு நேரே நீட்ட, அந்த ஆள் புத்தகத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது என் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். நான் நிரந்தரமாக இங்கே தங்க விண்ணப்பித்திருந்தேன். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் லைசென்ஸ்காரர்தான், படிவம் என்றால் அவருக்குப் பாயசம். அதில் ஒரு கேள்வி: கோர்ட்டில் எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா? 'இல்லை' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். "லைசென்சை எடுத்துப்போடும் ஐசே. பிடிபட்டா ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள்." அடுத்த வாரம் எடுக்கிறேன் என்றேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

வந்தவர் இன்ஸ்பெக்டர்தான்.

சனிக்கிழமை மத்தியானம். உள்ளே கிரிக்கெட், வாசலில் முதுகைக் காட்டியபடி லைசென்ஸ்காரர். தொப்பி போட்ட ஒருவர் கையில் அட்டையோடு மாடியேறி வந்து, நேராக என்னைப் பார்த்து, "இந்த செட் யாருடையது? லைசென்ஸ் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். திருச்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

லைசென்ஸ்காரர் எழுந்தார். மூன்று வருஷத்தில் முதல் முறையாக என் டி.வி.யை நேருக்கு நேர் பார்த்தார்.

"என்னுடையது. என் அறையில் படம் சரியாக வருவதில்லை, அதனால் இங்கே வைத்திருக்கிறேன்" என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, போய் ஃப்ரேமைக் கழற்றிவந்து கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷ சர்வீசில் கண்ணாடி போட்ட லைசென்ஸை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லித் தொப்பியைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். மூன்று வருஷம் காத்திருந்த விருந்தாளி இரண்டு நிமிஷத்தில் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து லைசென்ஸ்காரர் டைகூடக் கட்டியிருக்கவில்லை.

வாழ்க்கையிலேயே முதல் பொய், அதையும் அரசாங்கத்திடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, எனக்காகப் போய்..." என்று ஆரம்பித்தேன்.

"கதையை விடும். பெட்டியைத் தூக்கும்."

"எங்கே?"

"என்ர அறைக்கு. நான் பொய் சொல்லேல்ல ஐசே. கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டன், அவ்வளவுதான்."

தூக்கிப்போய் அந்தப் பூப்போட்ட துணியின் மேல் வைத்தோம். டி.வி.யை அவருக்குக் கொடுத்துவிட்டதாக என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். மாட்ச் முடியும் வரை அவர் இமைக்கக்கூட இல்லை. அதன் பிறகு தினமும் நான் அவர் அறைக்குப் போய், செருப்பை வெளியே விட்டுவிட்டு டி.வி. பார்த்தேன். எனக்கு நிரந்தர அனுமதியும் வந்தது.

கொஞ்ச காலத்தில் அரசாங்கம் டி.வி. லைசென்ஸையே ரத்து செய்துவிட்டது. நாங்கள் எல்லாம் கொண்டாடினோம். அவர் மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இனி ஆரும் பாக்கலாமாம். பிறகென்ன மரியாதை?" என்றார்.

அப்புறம் மெல்பர்னில் பெண் அமைந்தது. மாநிலம் மாறியதால் டிராயரில் இருந்த அந்தப் பழைய கல்யாணப் படிவம் செல்லாதாம், அதில் அவருக்கு வருத்தம்தான். அங்கே ஸ்பிரிங்வேலில் குடியேறப் புறப்பட்ட அன்று டி.வி.யை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஃப்ரேமையும். "பெட்டி இருக்கிற இடத்தில இது இருக்க வேணும்."

அதற்குப் பிறகு எத்தனையோ டி.வி. மாற்றிவிட்டேன். ஃப்ரேமை மாற்றவில்லை. எங்கள் வீட்டு டி.வி.க்கு மேலே அண்ணன் பெயரில் ஒரு செல்லாத லைசென்ஸ் தொங்குகிறது. கதவு தட்டினால் நானும் ஒரு நொடி அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

எல்லாவற்றையும் முந்திச் செய்தவர் அவர். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் அண்ணே என்பதை நான்தான் இவ்வளவு பிந்திச் சொல்கிறேன்.