கோப்பி நீட்டிய கை

உங்கட வீட்டுக்காரர் ஒரு கிளாஸ் கோப்பியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்? குடிக்காமல், ஊதாமல், சும்மா பார்த்துக்கொண்டு? என்னுடையவர் அது ஆறும்வரை பார்ப்பார். பார்த்து முடியப் படம் எடுப்பார். படம் எடுத்து முடிய, கோப்பி ஆறிப்போச்சு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு எழும்பிப் போவார். இப்படி ஒரு மனிசனைக் கட்டி, ஒரு பிள்ளையும் பெற்று வைத்திருக்கிறேன். என்னுடைய பொறுமைக்காக நீங்கள் மாதா கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாலும் தகும்.

அவர் பெயர் மத்தேயு. மட்டக்களப்பு ரவுணில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. அது சண்டைக் காலம். கலியாணப் படங்கள் குறைந்து அடையாள அட்டைப் படங்கள் கூடியிருந்தன. “நேர பாருங்க, சிரிக்கப்படாது” என்று விடிந்ததிலிருந்து பொழுதுபடுமட்டும் சொல்வதுதான் அவர் தொழில். ஊரில் ஒருவரையும் சிரிக்க விடாமல் சம்பளம் வாங்குகிறவர், வீட்டுக்கு வந்து “நான் ஒரு கலைஞன் புள்ள” என்று பெருமூச்சு விடுவார்.

கலைஞனுக்கு வெளியில் படம் எடுக்க ஆசை. எதை எடுப்பது? பாலத்தை எடுக்கக் கூடாது, பாலத்தில் ஆமி. றோட்டை எடுக்கக் கூடாது, றோட்டில் சென்றிக் காவல். ஒருநாள் வாவிக்கரையில் நின்ற கொக்கு ஒன்றை எடுத்திருக்கிறார். கொக்குக்குப் பின்னால் மண்மூட்டை அடுக்கியிருந்ததாம். ஆமிக்காரன் கமராவைத் திறந்து, பிலிமை முழுக்க வெளியே இழுத்து, வெயிலில் காட்டி, மாலை மாதிரி இவர் கழுத்திலேயே போட்டு அனுப்பிவிட்டான். கொக்கு தப்பிவிட்டது.

அன்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சபதம் எடுத்தார். இனிமேல் கூரைக்கு வெளியே கமராவைத் திறப்பதில்லை. கூரைக்குக் கீழே நடக்கிற அன்றாட வாழ்க்கையைத்தான் எடுப்பது.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் கூரை இருக்கிறது. அதற்குக் கீழே நான் இருக்கிறேன். முதலாவது பிறந்தநாளைப் பிடிக்கத் தவழ்ந்துகொண்டிருக்கிற மகள் இருக்கிறாள். ஸ்டூடியோக்காரர் பிள்ளை, இன்னும் அவளுக்கு ஒரு படம் கிடையாது. இனி எடுப்பார் என்று அவள் சட்டையைத் துவைத்துக்கூட வைத்துவிட்டேன்.

அவர் தேர்ந்தெடுத்ததோ கண்ணகையின் கோப்பிக்கடைக் கூரை.

சந்தியில் பஸ் நிற்கிற இடத்தில் இருக்கிறது அந்தக் கிடுகுக் கடை. முன்னால் ஆட்கள் குந்த இரண்டு வாங்கு. காசு வாங்க அவளுடைய மாமா வல்லிபுரம். பின்னால் குசினி. விறகுப் புகை ஆட்களுக்கு அடிக்கக் கூடாதென்று நடுவில் பலகை மறைப்பு, அதில் ஒரு சதுர ஓட்டை. கோப்பி கேட்டால் ஓட்டையால் ஒரு கை வரும், கிளாஸை நீட்டும், உள்ளே போய்விடும். புகைக்குள் ஆள் தெரியாது. கண்ணகை என்னிலும் இளமை, இன்னும் கலியாணம் கட்டவில்லை, வேர்க்கொம்புச் சுக்கு இடித்துப் போட்டு அவள் ஊற்றுகிற கோப்பியை நாலு ஊர் புகழும். நான் ஒன்றையும் துருவித் துருவி விசாரிக்கவில்லை. வழியில் கண்டவர்களை நிறுத்திக் கேட்டேன், அவ்வளவுதான்.

ஸ்டூடியோ முதலாளி, பிலிம் ரோலின் கடைசியில் மிஞ்சுகிற துண்டை இவருக்கு விடுவார். இரண்டோ மூன்றோ படம் வரும். அந்த இரண்டும் மூன்றும் கண்ணகைக்கே போயின. கழுவிய படங்களைக் கொண்டுவந்து எங்கள் சுவரில் ஒட்டினார். திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில், கோப்பிக் கிளாஸோடு கண்ணகையின் கை. ஜெபம் சொல்ல முழங்காலில் நின்றால் என் கண் எங்கே போகும், நீங்களே சொல்லுங்கள்.

“படத்தில கோப்பி இருக்கு, கை இருக்கு. ஆள் எங்க?” என்று கேட்டேன்.

“ஆள் தேவையில்ல புள்ள. அந்தக் கையில ஒரு வாழ்க்கையே இருக்கு.”

“அப்ப என்ட கையில?”

திரும்பிப் பார்த்தார். நான் அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

“உன்ட கையில செதில் இருக்கு.”

அன்றைக்கு மீன் குழம்பில் மிளகாய்த்தூள் என்னையும் மீறி விழுந்தது. அவர் கண்ணீர் வடிய வடியத் தின்று முடிக்கும்வரை காத்திருந்து, பிறந்தநாளுக்காவது பிள்ளையை ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கேட்டேன். பிலிம் கிடைக்கிறதே அருமை, சின்னப்பிள்ளை அசையும், வீணாகப் போய்விடும் என்றார். கோப்பி அசையாதுதான். கண்ணகையும் அசைய மாட்டாளாக்கும்.

அடுத்த நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடையின் பின்வழியால் நுழைந்தேன். வயிறு நிறையச் சண்டை கொண்டு போயிருந்தேன். கண்ணகை அடுப்படியில் கண் சிவந்து நின்றாள். நான் வாய் திறக்கமுதல் அவள் தொடங்கினாள்.

“நல்ல நேரத்துக்கு வந்தீங்க மார்கிறட்டக்கா. உங்கட மனிசனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்க. ‘அப்பிடியே பிடிங்க, அசைக்காதீங்க, ஆவி வரட்டும்’ எண்டு அவர் நிப்பார். கிளாஸ் சுடுறது எனக்குத்தானே?”

விரல்களை விரித்துக் காட்டினாள். நுனியெல்லாம் சிவந்து வெந்திருந்தது. கொண்டுபோன சண்டையை அப்படியே வயிற்றில் வைத்துக்கொண்டு, அவள் விரலுக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டேன். கண்ணகையில் இருந்த பொறாமை அதோடு இறங்கியது. அந்தக் கையில் இருந்த பொறாமை மட்டும் இறங்கவில்லை.

பேச்சோடு பேச்சாகத் தன் கவலையையும் சொன்னாள். களுதாவளையில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, போய் நிற்க வேண்டும், கடையைப் பூட்டினால் வாடிக்கை ஓடிவிடும்.

“நீ போ புள்ள,” என்றேன். “குசினியை நான் பாக்கிறன். ஆர் கேட்டாலும் நீ உள்ளுக்குத்தான் நிக்கிறாய்.”

வல்லிபுரம் மாமா காதில் இதைப் போட்டோம். மனிசன் சிரித்துச் சிரித்து வெற்றிலையை விழுங்கப் பார்த்தார்.

மறுநாள் விடிய மீன் வெட்டினேன். அவர் குளித்து, தலை வாரி இழுத்து, கமராவை மாட்டிக்கொண்டு வெளிக்கிடுவதற்குள் நான் குறுக்கு வழியால் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். பிள்ளை பின்பக்கத்து மாமரத்தில் கட்டிய ஏணையில் தூங்கினாள்.

“கண்ணகை, ஒரு கோப்பி,” என்று குரல் வந்தது.

கையை நீட்டினேன். கோயிலில் பாதர் பார்த்துக்கொண்டிருக்க, என்னுடையவர் தன் கையாலேயே போட்டுவிட்ட மோதிரம் அதில் இருந்தது. பிடிபட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆ, அப்பிடியே பிடிங்க. அசைக்காதீங்க. ஆவி வரட்டும்.”

கண்ணகை சொன்னது பொய்யில்லை, அடுப்புக் கொள்ளியைப் பிடித்த மாதிரிச் சுட்டது. பிடித்தேன்.

“இண்டைக்குக் கை முந்தியதிலும் நல்லா விழுந்திருக்கு. அதில ஒரு பொறுமை தெரியுது,” என்றார். பிறகு மாமா பக்கம் திரும்பினார். “இப்பிடி ஒரு கை எங்கட வீட்டில இல்ல, பாருங்க மாமா.”

“பாவம் தம்பி நீங்க,” என்றார் வல்லிபுரம் மாமா.

நான் இருமினேன். புகைக்கு என்று நினைத்திருப்பார்.

தன்னுடைய கையில் தனக்கே பொறாமை வந்த பெண் வேறு யாரும் இருந்தால் சொல்லுங்கள், போய்க் கட்டிப்பிடித்து அழ வேண்டும். அந்தக் கை பகலில் அவருக்குக் கலை. பின்னேரம் வீட்டுக்கு வந்து அதே கை அவருக்குச் சோறு போட்டது, முதுகு சொறிந்துவிட்டது, சாரத்தைத் துவைத்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையை வெட்டிக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தால் என்ன என்றிருந்தது. பிறகு அவருக்குச் சோறு போட ஒரு கை வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டூடியோப் பக்கம் போனவர், தலையணை அளவில் ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலாளி பார்த்துவிட்டு, ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மாப்பிள்ளை பொம்பிளை படத்தை எடுத்துவிட்டு இதை வைக்கச் சொன்னாராம். நான் முற்றத்தில் மீனோடு குந்தியிருந்தேன். பக்கத்தில், களுதாவளையிலிருந்து அப்போதுதான் வந்த கண்ணகை, எங்களுக்கென்று கொண்டுவந்த வாழைப்பழச் சீப்போடு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. எனக்கு மலர்ந்ததை நான் கண்டதில்லை.

“நல்ல வேளை கண்ணகை, நீங்களும் நிக்கிறீங்க. பாருங்க உங்கட கையை. இந்தப் பெருவிரலில ஒரு ஒளிப்பொட்டு மின்னுது, தெரியுதா? அதுதான் இந்தப் படத்துக்கு உசிரு. அந்த வெளிச்சத்தை ஆராலயும் வைக்கேலாது. அது கடவுள் தாறது.”

கண்ணகை படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“நான் இந்தக் கிழமை முழுக்கக் களுதாவளையில நிண்டனான் அண்ணன். என்ட விரலில மோதிரமும் இல்லயே.”

“அப்ப இது ஆர்ட கை?”

நான் மீனைக் கீழே வைத்தேன். எழும்பிப் போய்க் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து, கடையில் நீட்டுகிற மாதிரியே அவர் மூக்குக்கு முன்னால் நீட்டிப் பிடித்தேன். அவர் படத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார். என் பெருவிரலில் வந்து கண் நின்றுவிட்டது.

“இந்த ஒளிப்பொட்டு…”

“செதில்,” என்றேன்.

கண்ணகை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் அந்தக் கோப்பியை வாங்கி, எங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சூட்டோடு, ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டுக் கமராவைத் தடவினார். உள்ளே இன்னும் இரண்டு படம் மிச்சம் என்று தணிந்த குரலில் சொன்னார். திரும்ப ஒருக்கா அந்தக் கையை நீட்டினால் நல்லதாம்.

“கைக்கு வேலை கிடக்கு. முதல்ல பிள்ளை,” என்றேன்.

துவைத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக் கண்ணகையின் மடியில் இருத்தினோம். அசையும் என்று சொன்ன பிள்ளை அசையவேயில்லை. தகப்பனின் முகம் போன போக்கை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாவது படம் முடிந்தது.

மிஞ்சியது ஒன்று. அவர் கழுத்திலிருந்து கமராவைக் கழற்றி எடுத்து, அவர் கையில் மீனையும் கத்தியையும் கொடுத்தேன். அவர் குந்தினார். கலைஞன் கையல்லவா, நாலு இழுவையில் மீனைவிட அவரில்தான் செதில் கூடுதலாக இருந்தது. நான் கமராவைக் கண்ணில் வைத்தேன்.

“அப்பிடியே பிடிங்க மச்சான். அசைக்காதீங்க. செதில் நல்லா ஒட்டட்டும்.”