ஐந்து வாட் பெட்டிக்கு அமைந்த செயற்குழு

மனிதகுலம் இதுவரை எடுத்த முடிவுகளிலேயே மிகுந்த பொறுப்போடு எடுக்கப்பட்டது எது என்று யாராவது உங்களைக் கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்: மலேசியாவின் பத்து பாகாட் ஊரில், லியாக்கத் அலியின் சாப்பாட்டுக் கடை மாடியில் எடுக்கப்பட்ட முடிவு. நாடுகள் போருக்குப் போவதைக்கூட ஒரே ராத்திரியில் தீர்மானித்துவிடுகின்றன. எங்கள் ஜீவன் அப்படிப்பட்ட அவசரக்காரர் இல்லை. வீட்டில் கிட்டார் வாசிக்க ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வாங்குவதற்கு அவருக்கு ஏறக்குறைய ஒரு வருசம் பிடித்தது.

ஜீவன் என் பக்கத்து வீட்டுக்காரர். வரிசை வீடு என்பதால் அவருக்கும் எனக்கும் சுவர் ஒன்றுதான். லாரிக் கம்பெனியில் மேற்பார்வையாளர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதை அவர் குறையாக நினைத்ததில்லை, ‘நடுநிலை’ என்றுதான் நினைத்தார்.

வாசிக்கத் தெரிந்தவள் அவர் மனைவி ஷாமளா. துணி ஆலையில் தரம் பார்க்கிற வேலை. பகலெல்லாம் துணியில் பிசிறு தேடிவிட்டு, சாயங்காலம் சோறு வடித்து இறக்கியபிறகு கொஞ்ச நேரம் எலெக்ட்ரிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொள்வாள். ஆம்ப்ளிஃபயரில் செருகாத எலெக்ட்ரிக் கிட்டார் எப்படிக் கேட்கும் தெரியுமா, என் கண்ணுகளா? கொசு இருமுவதைப்போலக் கேட்கும்.

அந்த வருசம் ஆலையின் ஆண்டு விருந்தில் வாசிக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். சாயப் பகுதியில் வேலை செய்யும் ஐடா பாடுவாள், கணக்குப் பிரிவு மிஸ் லிம் டிரம் தட்டுவாள், நடுவில் கிட்டார் மட்டும் தனியாகப் பேசுகிற ஓர் இடம் ஷாமளாவுக்கு. ஐடா ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லியிருந்தாள். விருந்துக்கு முன்னால் ஒரு தடவையாவது ஷாமளா வாசித்துத் தான் கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்துக்குக் கரோக்கே போட்டுவிடுவார்கள். எட்டு முதலாளிகள் முன்னால் அவமானப்பட முடியாதல்லவா?

ஷாமளா கணவரிடம் சொன்னாள்: “சின்னதா ஒண்ணு போதுங்க. சனிக்கிழமை ஜொகூர் பாரு கடைக்குப் போயி, நானே வாசிச்சுப் பாத்து எடுத்துக்கிறேன்.”

“நீ வாசிச்சா உனக்குப் பிடிச்சிடும்” என்றார் ஜீவன். “அப்புறம் நடுநிலைமை எங்கருந்து வரும்?”

எவ்வளவு ஆழமான கேள்வி. அடுத்த வாரமே ‘வீட்டு உபயோகச் சிறுரக வால்வு ஒலிபெருக்கித் தேர்வுச் செயற்குழு’ அமைந்தது. தலைவர் ஜீவன். செயலாளர் சுகுமாறன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோயில் கூட்டங்களில் தீர்மானம் எழுதிப் பழகிய கை. பொருளாளர் லியாக்கத் அலி, ஏனென்றால் தேநீர் அவருடையது. மூவரில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. முழு நடுநிலை.

வால்வு என்றால் என்னவென்று கேட்பீர்கள். பழைய ரேடியோப் பெட்டிக்குள் செக்கச்செவேலென்று கனியுமே கண்ணாடிக் குமிழ், அதுதான். சூடேற நேரமாகும். உலகம் அதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிவிட்டது. கைவிடப்பட்டது என்பதாலேயே அதற்கு இப்போது மவுசு. புதிதாகச் செய்து, பழைய துணி ஒட்டி, ஓரங்களில் பழசுபோல மஞ்சளேற்றி விற்கிறார்கள். சுகுமாறன் தன் அப்பாவின் அசல் வால்வு ரேடியோவைப் போன தீபாவளிக்குத்தான் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்திருந்தார். இப்போது அதைப்போலவே தெரிகிற புதுப் பெட்டிக்காக வாரந்தோறும் கூடினார். கொள்கைப் பற்று என்றால் இதுவல்லவா?

முதல் சில கூட்டங்கள் வாட் பற்றியே நடந்தன. பதினைந்து வாட் வைத்தால் தாமானே, எங்கள் குடியிருப்பு முழுக்க, எழுந்து உட்காரும் என்றார் ஜீவன். ஒரு வாட் வைத்தால் விருந்தாளிக்கு மரியாதை இல்லை என்றார் லியாக்கத் அலி. வால்வை முழுச் சக்திக்கு முக்கிப் பாடவிட்டால்தான் அதன் நிஜக் குரல் வரும், முக்கினால் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குத் தூக்கம் போகும், ஆகவே சிறு வாட்டை முக்கவிடுவதே அறம் என்று சுகுமாறன் இருபக்கமும் சமாதானம் செய்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. என்னைப் பற்றி அக்கறையோடு பேசியதே எனக்குப் பெருமை. ஐந்து வாட் ஒருமனதாக நிறைவேறியது.

அடுத்து ‘வெதுவெதுப்பு’. நல்ல ஒலி வெதுவெதுப்பாக இருக்க வேண்டுமாம். அது எப்படி இருக்கும் என்று கண்டறிய, யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டு நிலவறையில் வாசிக்கும் காணொளிகளைக் கைப்பேசியில் போட்டுக் கேட்டார்கள். கைப்பேசியின் ஒலித் துளையோ லியாக்கத் அலியின் கட்டைவிரல் நகமளவு. கீழே பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம் வேறு. ஆனாலும் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு, எட்டு அங்குல ஸ்பீக்கருக்கும் பத்து அங்குல ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் கண்டார்கள். தேநீர் ஆறும்வரை கண்டார்கள்.

இதற்கிடையே ஷாமளா ஒன்று கண்டுபிடித்தாள். கிட்டாரின் தலையைப் படுக்கையறை மர அலமாரிக் கதவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசித்தால், அலமாரியே அதிர்ந்து கொஞ்சம் சத்தம் கொடுக்கும். அலமாரி எங்கள் பொதுச் சுவரை ஒட்டி நின்றது. அவள் சேலைகளின் வழியாக, செங்கல் வழியாக, அவள் வாசிப்பு பாதிப் பாதியாக என் வீட்டுக்குள் வரும். நான் காய் நறுக்குவதை நிறுத்திவிடுவேன். ஒரே இடத்தில் தினமும் தடுக்கி விழுவாள், எழுந்து திரும்பப் போவாள். ஒருநாள் விழவில்லை. எனக்கு மாத்திரம் தெரிந்தது.

கடைசியில் செயற்குழு ஜொகூர் பாருவுக்கு ‘ஆய்வுப் பயணம்’ மேற்கொண்டது. வேலை நாளில் போனார்கள், கூட்டம் குறைவாக இருக்குமென்று. அன்று ஷாமளாவுக்கு ஆலை. கடைக்காரச் சீனர் ஐந்து வாட் பெட்டியை எடுத்து வைத்து, சூடாக்கி, கிட்டாரை நீட்டி, “சியாப்பா மாயின், பாஸ்?” என்று கேட்டாராம். மலாயில், யார் வாசிக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுகுமாறன்தான் மானத்தைக் காப்பாற்றினார். “வாசிக்கிறவங்க வேலைக்குப் போயிருக்காங்க. நாங்க செயற்குழு.”

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டு தானே நாலு தட்டுத் தட்டினார். மூவரும் கண்ணை மூடினார்கள். பெட்டி வாங்கப்பட்டது.

அது வீட்டுக்கு வந்தது விருந்துக்கு முந்தின வாரம். ஷாமளா கையில் கிட்டாரைச் செருகும் கம்பியோடு காத்திருந்தாள். ஜீவன் பெட்டியைப் பிரிக்கவிடவில்லை. முறையாகத் திறப்பு விழா வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் குறித்தார்கள். தாமான் தலைவர் செல்லப்பன் சிறப்பு விருந்தினர். நிகழ்ச்சி நிரல் பெரிது. இறைவாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை. எல்லாம் முடிந்து நேரம் இருந்தால் ஷாமளா. அன்றைக்கே கேட்டுப் பார்க்கலாமென்று ஐடாவும் வந்து, கூடத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

செல்லப்பன் தங்காக் ஊரில் ஒரு துணிக்கடைத் திறப்பை முடித்துவிட்டுத் தாமதமாக வந்தார். பெட்டியை அதற்கு முன்பே போட்டுவிட்டிருந்தார்கள். சூடாக வேண்டும் அல்லவா? பின்பக்கம் திறந்த பெட்டி. உள்ளே குமிழ்கள் கனிந்து நின்றன. கனியக் கனியப் பேசினார்கள். தமிழர்க்கும் வால்வுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் செல்லப்பன் பேசியதைக் கேட்டால் கல்லும் கனியும். பெட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஷாமளா எழுந்து, “அண்ணே, துணியப் போட்டு மூடாதீங்க, உள்ள கொதிக்குது” என்றாள். கூட்டம் நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று சுகுமாறன் அன்பாக நினைவூட்டினார். ஆனாலும் பொன்னாடையை எடுத்துவிட்டார்கள். ஏனென்றால் அடுத்தது சந்தனம்.

புதுக் கார் வாங்கினால் வைக்கிறோம். புது இயந்திரம் வாங்கினால் வைக்கிறோம். இதற்கு மட்டும் வைக்காமல் விடலாமா? எங்கே வைப்பது என்பதில் சிறு விவாதம் எழுந்தது. பெட்டியின் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே வைப்பதுதான் முறை என்று செல்லப்பன் சொன்னார். பன்னீரில் குழைத்த சில்லென்ற சந்தனத்தை விரல் நுனியில் எடுத்து, செவ்வொளி வீசும் பெரிய குமிழின் நெற்றியில் அழகாக ஒரு பொட்டு வைத்தார்.

டிக்.

சின்னச் சத்தம்தான், சூட்டுக் கண்ணாடி விரிசல் விட்ட சத்தம். குமிழுக்குள் வெள்ளி பூசினாற்போல இருந்த இடம் பாலாக வெளுத்தது. உள்ளே இருந்த சிவப்பு போய்விட்டது.

“இதுதான் அந்த வின்டேஜ் சவுண்டா?” என்றார் செல்லப்பன்.

சபை கைதட்டியது. நானும் தட்டினேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

ஷாமளா கைதட்டவில்லை. நன்றியுரை தொடங்கியபோது அவள் ஐடாவின் கையைப் பிடித்துப் படுக்கையறைக்கு இழுத்துப் போனதைப் பார்த்தேன். நானும் பின்னால் போனேன். அலமாரிக் கதவில் ஐடா ஒரு காதை வைத்தாள், கண்ணில் சந்தேகம். ஷாமளா வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் ஐடா அடுத்த காதையும் மாற்றி வைத்தாள். பிறகு, “ஓகே லா. காட்டுறியா, அந்த இடத்த மறுபடி?” என்றாள். துணி ஆலையில் தமிழர்களோடு இருந்து அவளுக்குத் தமிழ் நன்றாக வரும். கரோக்கே வேண்டாமென்று அங்கேயே முடிவாயிற்று. எந்தத் தீர்மானமும் எழுதவில்லை. முறைகேடுதான்.

கூடத்தில் அதற்குள் விசாரணைக் குழு அமைந்துவிட்டது. மாற்றுக் குமிழ் எந்த நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது முதல் அம்சம். ஊரிலேயே கிடைக்கிறதே, நாளைக்கே போட்டுவிடலாமே என்று ஷாமளா வந்து கேட்டாள். “அவசரப்பட்டா டோன் வராதும்மா” என்றார் லியாக்கத் அலி, உண்மையான பரிவோடு.

ஆகவே விருந்து மண்டபத்தில், வாடகைக்கு வந்த ஒரு கறுப்புப் பெட்டியில்தான் ஷாமளா கம்பியைச் செருகினாள். அதன் பெயர்கூடத் தேய்ந்து போயிருந்தது. சுற்றிலும் முந்நூறு பேர், எட்டு முதலாளிகள், எங்கள் மேசையில் நானும் செயற்குழுவும். ஐடா பாடினாள். பாட்டு நின்று, அந்த இடம் வந்தது. ஷாமளா தனியாக வாசிக்கத் தொடங்கினாள்.

செங்கல் தடுக்காமல் நான் அதைக் கேட்டது அன்றுதான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, சுகுமாறன் முன்னால் சாய்ந்து பேசியது பூதம் பேசியதுபோல இருந்தது. “தலைவரே, இது வால்வா, டிரான்சிஸ்டரா?”

“டிரான்சிஸ்டர் மாதிரிதான் இருக்கு” என்றார் ஜீவன். “அடிப்படையிலேயே தப்பு.”

அடுத்த மேசைச் சீனப் பாட்டி உஷ்ஷென்றார். சபை நாகரிகம் அறிந்த செயற்குழு உடனே எழுந்து, அவசரக் கூட்டம் நடத்த வெளி வராந்தாவுக்குப் போனது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஆறு கைகள் ஆடுவது தெரிந்தது. ஷாமளா தலையை நிமிர்த்தி எங்கள் மேசையைப் பார்த்தாள். மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. அவள் விரல் ஒரு தந்தியில் வழுக்கியது. பிறகு குனிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், இதுவரை நான் கேட்டிராத ஓர் இடத்துக்குப் போனாள். மிஸ் லிம் டிரம் குச்சியை மடியில் வைத்துவிட்டாள். முடிந்தபோது மண்டபமே எழுந்து நின்றது. எனக்கு முழங்கால் வலி, ஆனாலும் நின்றேன்.

கைதட்டல் கேட்டுச் செயற்குழு விரைந்து வந்தது.

“முடிஞ்சிருச்சா ஆன்ட்டி?” என்றார் ஜீவன். “எப்படி இருந்துச்சு, டோன்?”

“நீங்க மூணு பேரும் வெளிய போனதுக்கு அப்புறம் ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி.”

ஜீவன் யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. “பாய், கேட்டீங்களா? ஆளுங்க உடம்பு சத்தத்த இழுத்துக்கும். மூணு உடம்பு கொறஞ்சா எவ்வளவு வித்தியாசம் பாருங்க.”

அங்கேயே, கோழிச் சோறு வருவதற்குள், சுகுமாறன் முன்மொழிந்தார்: இனி ஷாமளா வாசிக்கும் வேளைகளில் செயற்குழுவினர் எவரும் அந்த அறையில் இருப்பதில்லை. லியாக்கத் அலி வழிமொழிந்தார். ஒருமனதாக நிறைவேறியது. அந்தச் செயற்குழு எடுத்ததிலேயே சரியான முடிவு அது ஒன்றுதான். முதலில் கை தூக்கியவர், அவளுக்குத் தாலி கட்டியவர்.