பொடி எழுத்து

அவருக்குத் தலைவலி வரவில்லை. சிக்கலே அதுதான்.

நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போனார். காப்பியை நிறுத்து என்றார் டாக்டர். வந்த கையோடு மனைவி காப்பிப் பொடியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மனுஷன் அரை உயிராகிவிட்டார்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பொடி எழுத்தைக் கண்டால் விடமாட்டார். அலமாரியில் ஒரு தலைவலி மாத்திரைப் பெட்டி கிடந்தது. தொழில் பழக்கம், வாய்விட்டே படித்தார்.

"பாராசிட்டமால், கமா, காஃபீன், முற்றுப்புள்ளி."

நிமிர்ந்து உட்கார்ந்தார். காப்பியில் இருக்கிற சரக்கே காஃபீன்தானே. பொடி போனால் போகிறது, பொடி எழுத்தில் காப்பி இருக்கிறது. இனி தினம் ஒரு தலைவலி என்று தீர்மானம் நிறைவேறியது. அடுப்படியில் இருந்தவளுக்கும் காது உண்டு என்பது அவர் நினைவில் இல்லை.

அன்று சாயங்காலமே நெற்றியின் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாத்திரை வந்தது. மறுநாள் வலது பக்கம் வலி என்றார். நேற்று இடது பக்கமாயிற்றே என்றாள். வலி குடி மாறிவிட்டது என்றார்.

அவள் மருந்துக்கடைக்குப் போய் விசாரித்தாள். படபடப்புக்காரருக்குக் காஃபீன் ஆகாது, வலியே இல்லாமல் பாராசிட்டமாலை விழுங்கிக்கொண்டே இருந்தால் ஈரல்தான் பாவம் என்றாள் கடைக்காரி.

அதற்கப்புறம் மாத்திரையை மனைவியே பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அன்பு என்று படித்தார். அச்சுப்பிழை.

மாத்திரை பிரமாதமாக வேலை செய்தது. நடை துள்ளியது. அடுத்த மேஜைக்காரர் விட்ட பிழைகளையும் இவரே பிடித்தார். படபடப்பும் இல்லை. டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டினார். இத்தனை பெருமையை எத்தனை நாள் வயிற்றில் வைத்திருப்பது? துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போட்டு உடைத்தார்.

"காப்பியை நிறுத்தினியே, என்னை நிறுத்த முடிஞ்சுதா? நான் தினம் முழுங்கறதே காப்பிதான்."

அவள் நிமிரவில்லை. "அந்த மாத்திரையை மூணாம் நாளே குப்பையில போட்டாச்சுங்க."

"அப்போ நான் முழுங்கினது?"

"என்னோட சுண்ணாம்புச்சத்து மாத்திரை. எலும்புக்கு."

"தலைவலின்னு சொன்னவனுக்கு எலும்பு மாத்திரையா?"

"உங்க தலையில எலும்பை விட்டா வேற என்னங்க இருக்கு?"

படபடப்பு திரும்ப வரவேயில்லை. தன் கைராசி என்றார் டாக்டர். கைராசி மனைவியுடையது.